கட்டம் போட்டுப் பார்க்கும் பழக்கம்

 

ஐ.ஐ.எம். நிறுவனங்களில் எம்.பி.ஏ. சேர்வதற்கான கேட் தேர்வுக்கு நாம் கட்டண உதவி செய்த மாணவர் ஒருவர் தேர்வு முடிந்து நம்மைச் சந்தித்தார். ஆங்கிலமும் கணிதமும் நன்றாக எழுதியிருந்தார். நடுவில் வரும் தர்க்கப் பகுதி கவிழ்த்துவிட்டது. எழுதிப் பார்க்கக் கொடுத்த தாளை என்ன செய்தீர்கள் என்று கேட்டோம். "எல்லாம் மனசுலயே போட்டுப் பார்த்தேன் பாய்" என்றார்.

இந்தப் பகுதிக்கு 40 நிமிடம். அதற்குள் ஏறத்தாழ இருபது கேள்விகள், நான்கைந்து தொகுப்புகளாக வரும். சரியான விடைக்கு 3 மதிப்பெண்; கொடுத்த விடைகளில் தவறானதைத் தேர்ந்தெடுத்தால் 1 மதிப்பெண் கழியும். ஐ.ஐ.எம்.கள் மொத்த மதிப்பெண்ணோடு ஒவ்வொரு பகுதியிலும் ஒரு குறைந்தபட்ச பர்சன்டைலையும் எதிர்பார்க்கின்றன. ஒன்றில் சறுக்கினால் மற்ற இரண்டும் கைகொடுக்காது.

கேட் கேள்விகள் இதைவிடக் கடினமானவை. ஆனாலும் முறை விளங்க ஒரு சிறிய உதாரணம் பார்ப்போம். நமது நூலகத்தைத் திங்கள் முதல் சனி வரை நாளுக்கு ஒருவராக ஆறு பேர் கவனிக்கிறார்கள்: அமீன், பாத்திமா, ஹாரூன், கதீஜா, லுக்மான், மர்யம். அமீனுக்கு மறுநாள் கதீஜா. லுக்மானுக்குப் பிறகு ஏதோ ஒரு நாளில் பாத்திமா. ஹாரூன் வியாழன். மர்யம் திங்களும் வரமாட்டார், சனியும் வரமாட்டார். புதன்கிழமை கதீஜா என்றால் திங்கள்கிழமை யார்?

ஆறு பேரை ஆறு நாட்களில் அமர்த்த 720 வழிகள் உண்டு. மனதில் எப்படி நிற்கும்?

தாளில் ஆறு கட்டம் போட்டு மேலே நாட்களை எழுதுங்கள். பெயருக்கு முதலெழுத்துப் போதும். கேள்வியில் வரும் வரிசையிலேயே நிபந்தனைகளை எழுதத் தொடங்குவதுதான் பிள்ளைகள் செய்யும் முதல் தவறு. அசையாதது எதுவோ அதை முதலில் வையுங்கள்: வியாழனில் 'ஹா'. திங்கள், சனிக் கட்டங்களின் மூலையில் 'ம' எழுதி அடித்துவிடுங்கள். அடுத்து, பிரியாத ஜோடி. 'அக' என்று சேர்த்து எழுதி ஒரு வட்டம் போடுங்கள். லுக்மானுக்கும் பாத்திமாவுக்கும் வட்டம் போடக் கூடாது, இடையில் ஒரு கோடு மட்டும். அவர்களுக்கு நடுவே வேறு ஆட்கள் வரலாம். 'மறுநாள்' என்பதையும் 'பிறகு' என்பதையும் ஒன்றாக நினைத்து ஏமாந்தவர்கள் நம் வகுப்பிலேயே பலர். அவசரத்தில் படித்தால் யாருக்கும் நேரும்.

இனி ஜோடியை நகர்த்திப் பாருங்கள். வியாழன் அடைபட்டதால் அது திங்கள்-செவ்வாய், செவ்வாய்-புதன், வெள்ளி-சனி என மூன்று இடங்களில்தான் அமரும். மூன்றுக்கும் மூன்று வரிசை போட்டு மீதிப் பேரை நிரப்பினால், 720 வழிகளில் ஐந்துதான் மிஞ்சும். கேட்ட கேள்விக்கு நடு வரிசையைப் பாருங்கள். அமீன் செவ்வாய், கதீஜா புதன். மிச்சம் திங்கள், வெள்ளி, சனி. மர்யத்துக்கு வெள்ளியை விட்டால் இடமில்லை. லுக்மான் முந்த வேண்டும். ஆகவே திங்கள் லுக்மான், சனி பாத்திமா.

அடுத்த கேள்வி புதிதாக ஏதாவது நிபந்தனை சேர்த்தால் மூலக் கட்டத்தில் கை வைக்காதீர்கள். பக்கத்தில் சிறிதாக இன்னொன்று போடுங்கள். அழித்து அழித்து எழுதினால் மூன்றாவது கேள்வியில் எது மூலம் என்பதே தெரியாமல் போகும்.

மதரஸாவில் பராயிள் பாடம் ஓதியவர்களுக்கு இது புதிதல்ல. இறந்தவருக்கு யார் யார் வாரிசு என்று கட்டம் போட்டுக் காட்டாமல் எங்கள் உஸ்தாது பங்கைச் சொல்ல விடமாட்டார். வாயால் கணக்குச் சொன்னவன் ஒரு சகோதரியையாவது விட்டுவிடுவான்.

கட்டம் போட நேரம் வீணாகிறதே என்று பெற்றோர் சிலர் கவலைப்படுகிறார்கள். முதல் மூன்று நான்கு நிமிடம் போகும், உண்மைதான். ஆனால் ஒரு தொகுப்பின் எல்லாக் கேள்விகளுக்கும் அந்த ஒரே கட்டம் உதவும். பத்து நிமிடமாகியும் கட்டம் நிரம்பவில்லையா? அந்தத் தொகுப்பை விட்டு அடுத்ததற்குப் போய்விட வேண்டும். இந்தத் துணிச்சலுக்கும் பழக்கம் வேண்டும்.

மாதிரித் தேர்வு அதிகாரபூர்வ இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. பழைய கேள்விகளைப் பிரதி எடுத்து நூலகத்தில் வைத்திருக்கிறோம். ஞாயிறு அஸருக்குப் பின் வந்து எழுதிப் பார்க்கலாம். விடையை மட்டும் காட்டினால் போதாது, போட்ட கட்டத்தையும் காட்ட வேண்டும்.