வடுகபட்டி மண்டிக்குச் சொந்த மெயில் சர்வர் தேவையா?

கொடைக்கானல் மலைப்பூண்டு வந்து இறங்கும் சந்தை பெரியகுளத்தை அடுத்த வடுகபட்டி. அந்தப் பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. இங்குள்ள ஒரு மண்டி, தன் பெயரிலேயே டொமைன் வாங்கி, பில்லையும் விலைப்பட்டியலையும் அந்த முகவரியிலிருந்து அனுப்ப நினைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மெயில் சர்வரைத் தானே நடத்துவதா, வேறு ஒருவரிடம் விடுவதா?

மத்திய அரசுக்கும் இதே கேள்வி வந்தது. தேசியத் தகவலியல் மையம் வழியாக நடந்துவந்த அரசு மின்னஞ்சல், தமிழ்நாட்டில் வளர்ந்த ஸோஹோ நிறுவனத்தின் தளத்துக்கு மாறியிருக்கிறது. சுமார் 12 லட்சம் ஊழியர்களின் கணக்குகள் மாற்றப்பட்டுவிட்டதாக 2025 அக்டோபரில் செய்தி வெளியானது. ஆனால் முகவரிகள் பழையபடி ‘கவ் டாட் இன்’, ‘நிக் டாட் இன்’ என்றே தொடர்கின்றன.

மண்டிக்காரர் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். ஒரு டொமைனுக்கு வரும் கடிதத்தை எந்த சர்வரில் சேர்ப்பது என்பதை, இணையத்தின் பெயர்ப் பதிவேடான டிஎன்எஸ்ஸில் உள்ள எம்எக்ஸ் பதிவு சொல்கிறது. அதைத் திருத்தினால் அடுத்து வரும் கடிதங்கள் புதிய சர்வருக்குப் போய்விடும். எனவே டொமைன் உங்கள் பெயரில் பதிவாகியிருக்க வேண்டும். இணையதளம் செய்து கொடுத்தவர் பெயரில் அது கிடந்தால், அவரோடு பேச்சு முறியும் நாளில் முகவரியும் போய்விடும்.

சொந்தமாகவே நடத்துவது என்றால் கட்டற்ற மென்பொருள்கள் நிறைய உண்டு. 1988-ல் மாரிஸ் புழு என்ற தீநிரல் இணையத்தை முடக்கியபோது நுழைந்த வழிகளில் ஒன்று, அன்று பரவலாக இருந்த செண்ட்மெயில் என்ற மெயில் சர்வர் மென்பொருள். அந்த மாதிரி அனுபவங்களுக்குப் பிறகு, வீட்ஸ வெனிமா 1998-ல் வெளியிட்ட போஸ்ட்ஃபிக்ஸ், வேலையைச் சிறு சிறு நிரல்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் குறைந்த அதிகாரமே தருகிறது. கடிதத்தை அனுப்பிப் பெற அதையும், பெட்டியைத் திறந்து படிக்க டவ்காட்டையும் சேர்த்து நிறுவலாம். என் தேர்வும் இந்த ஜோடிதான். எக்ஸிம் மென்பொருளில் 2019-லும், மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்சில் 2021-லும் பெரிய ஓட்டைகள் வெளிப்பட்டன. உடனே புதுப்பிக்காதவர்களின் சர்வர்களுக்குள் ஆட்கள் புகுந்தார்கள். எதைத் தேர்ந்தாலும் புதுப்பிப்பதற்கு ஓர் ஆள் வேண்டும்.

நிறுவுவது ஒரு நாள் வேலை. அனுப்பிய கடிதம் ஸ்பேமில் விழாமல் பார்த்துக்கொள்வதுதான் தினசரிப் பாடு. வீட்டு பிராட்பேண்டில், சர்வர்கள் கடிதம் அனுப்பும் வழியான 25-ஆம் போர்ட் பெரும்பாலும் அடைக்கப்பட்டிருக்கும். வாடகை சர்வரின் ஐபி முகவரியை முன்பு வைத்திருந்தவர் ஸ்பேம் அனுப்பியிருந்தால் அந்தக் கெட்ட பெயரும் உங்கள் தலையில் விழும். ஐபிக்கு டிஎன்எஸ்ஸில் உள்ள பெயர் சர்வரின் பெயரோடு பொருந்த வேண்டும். கடிதம் போலி அல்ல என்று பெறுபவர் சரிபார்க்க உதவும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் ஆகிய மூன்று பதிவுகளும் சரியாக இருக்க வேண்டும். ஒரு நாளில் 5,000-க்கு மேல் அனுப்புவோருக்கு இவற்றை 2024 பிப்ரவரி முதல் ஜிமெயில் கட்டாயமாக்கிவிட்டது.

மின்வெட்டுக்குப் பலரும் பயப்படுகிறார்கள். அவ்வளவு பயம் வேண்டாம். உங்கள் சர்வர் அணைந்திருந்தால், அனுப்பும் சர்வர் கடிதத்தை வரிசையில் வைத்துத் திரும்பத் திரும்ப முயலும். போஸ்ட்ஃபிக்ஸ் வழக்கமாக 5 நாள் காத்திருக்கும். திருடுபோன கடவுச்சொல்தான் மோசமானது. ஓர் ஊழியரின் கணக்கிலிருந்து இரவோடு இரவாக ஆயிரக்கணக்கில் ஸ்பேம் கிளம்பும். விடிவதற்குள் ஐபி கறுப்புப் பட்டியலில் ஏறிவிடும். தன் சர்வரில் அனுப்பக் காத்திருக்கும் கடித வரிசையின் நீளத்தைத் தினமும் பார்க்கிறவர்தான் இதைச் சீக்கிரம் பிடிப்பார். மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022-ல் பிறப்பித்த உத்தரவின்படி, ஊடுருவல் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் அதற்குத் தகவல் தர வேண்டும். லாக் பதிவுகளை 180 நாள் வைத்திருக்கவும் வேண்டும்.

கணினித் துறையும் சர்வர் நிர்வாகியும் உள்ள ஒரு கல்லூரி சொந்த சர்வரைத் தாராளமாக நடத்தலாம், நடத்தவும் வேண்டும். மாணவர்கள் கற்க இதைவிட நல்ல களம் கிடையாது. கணக்குப்பிள்ளை ஒருவரே எல்லாம் பார்க்கும் மண்டிக்கு, டொமைன் மட்டும் சொந்தம், சர்வர் வாடகை என்பதே சரி.

வாடகைக்கு எடுக்கும் முன் ஒன்றைக் கேளுங்கள்: தமிழ் எழுத்திலேயே முகவரி அமைக்க முடியுமா? ‘.இந்தியா’ என்று முடியும் தமிழ் டொமைன் இருக்கிறது. முகவரியில் @ குறிக்கு முன்னால் உள்ள பகுதியும் தமிழில் இருக்க வழிசெய்யும் தரநிலை 2012-ல் வந்தது. போஸ்ட்ஃபிக்ஸ் 2015 முதல் அதை ஏற்கிறது. ஆனால் அனுப்பும் சர்வர், பெறும் சர்வர் இரண்டும் ஏற்றால்தான் கடிதம் போய்ச் சேரும். ஆகவே தமிழ் முகவரியோடு ஓர் ஆங்கில எழுத்து முகவரியையும் அதே பெட்டிக்கு இணைத்துத் தரச் சொல்லுங்கள்.