சார்ஜ் ஏறாத தூசு உறிஞ்சி: தூக்கிப் போடுவதற்கு முன் செய்ய வேண்டிய சோதனைகள்



பாலர் வகுப்பு, வள நிலையம், ஆசிரியர் அறை என்று நம் பள்ளிகள் பலவற்றில் கம்பியில்லா தூசு உறிஞ்சி இப்போது சாதாரணமாகிவிட்டது. பேச்சில் ‘வேக்கும்’ என்போம். ஒரு நாள் பொத்தானை அழுத்தினால் சத்தமே வராது. சார்ஜரில் போட்டால் விளக்கும் எரியாது. உடனே “பேட்டரி போச்சு, புதுசு வாங்கணும்” என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

பெற்றோர் ஆசிரியர் சங்கப் பணத்தில் வாங்கிய பொருள் என்றால் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். சார்ஜ் ஏறாததற்குப் பேட்டரி மட்டும்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் கோளாறு பேட்டரியில்தான் என்று தெரிந்துவிட்டால் அதோடு விளையாடவும் கூடாது. பக்கத்தில் பிள்ளைகள் இருக்கிறார்கள். எது எந்த வகைக் கோளாறு என்று பிரித்துப் பார்க்கத்தான் இந்தக் கட்டுரை.

சோதனைக்கு முன்: பாதுகாப்பு

முதலில் பேட்டரிப் பகுதியைப் பாருங்கள். உறை உப்பியிருக்கிறதா? இனிப்பும் ரசாயனமும் கலந்த மாதிரி வாடை வருகிறதா? கசிவு, கருகிய தடம், பயன்படுத்தாமலே சூடு இவற்றில் ஏதாவது இருக்கிறதா? ஒன்று இருந்தாலும் சோதனை இதோடு முடிந்தது. மறுபடி சார்ஜ் போடாதீர்கள். தாள், துணி, மெத்தை இல்லாத இடத்தில், பிள்ளைகள் கைக்கு எட்டாமல் தனியாக வைத்துவிட்டு, கட்டுரையின் கடைசிப் பகுதிக்குப் போங்கள்.

அப்படி எதுவும் இல்லையா? சரி, தொடர்வோம். மின்சாரம் வரும் வழியிலேயே நாமும் போக வேண்டும்: சுவர் சுவிட்ச், அடாப்டர், வயர், தொடுமுனை, பேட்டரி. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் சோதியுங்கள். இரண்டை ஒன்றாக மாற்றினால் எதனால் சரியானது என்று தெரியாமலே போய்விடும்.

1. சுவர் சுவிட்ச்

சிரிக்காதீர்கள், இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். நம் ஊர் பிளக் பாயின்ட்டில் தனி சுவிட்ச் உண்டு. பள்ளி முடிந்ததும் யாராவது எல்லாவற்றையும் அடைத்துவிட்டுப் போவார்கள். கருவி இரவு முழுக்க சார்ஜரில் தொங்கியிருக்கும். ஒரு துளி மின்சாரம் ஏறியிருக்காது. அதே பாயின்ட்டில் கைப்பேசி சார்ஜரைப் போட்டுப் பாருங்கள். நீட்டிப்பு வயர் வழியாகப் போட்டிருந்தால் அதை எடுத்துவிட்டு நேரடியாகச் சுவரில் மாட்டுங்கள்.

2. விளக்கு என்ன சொல்கிறது?

சில மாடல்களில் சார்ஜ் நிறைந்ததும் விளக்கு அணைந்துவிடும். ஆக, விளக்கு எரியவில்லை என்றால் சார்ஜ் ஏறவில்லை என்றுதான் அர்த்தம் என்று சொல்ல முடியாது. ஒரு தடவை இயக்கிப் பாருங்கள். விளக்கு விட்டு விட்டு எரிந்தால் அது கருவி சொல்லும் குறிப்பு. எத்தனை தடவை, என்ன நிறம் என்று எழுதிக்கொண்டு கையேட்டோடு ஒப்பிடுங்கள். இன்னொன்று: இயக்கும் சுவிட்ச் ‘ஆன்’ நிலையில் இருந்தால் சில கருவிகள் சார்ஜ் ஏற்றாது.

3. சூடு

பலர் கவனிக்காத காரணம் இது. கம்பளத்தை முழு வேகத்தில் சுத்தம் செய்துவிட்டு உடனே சார்ஜரில் மாட்டுகிறோம். லித்தியம் அயனி மின்கலங்களைப் பொதுவாக 0 முதல் 45 பாகை செல்சியஸ் வரையில்தான் சார்ஜ் செய்யலாம். அதற்கு மேல் சூடாக இருந்தால் உள்ளே இருக்கும் பாதுகாப்புச் சுற்று வழியை அடைத்துவிடும். இது கோளாறே இல்லை, கருவி தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது. மின்விசிறி ஓடும் அறையில் ஒரு மணி நேரம் வைத்துவிட்டு மறுபடி மாட்டுங்கள். மதிய வெயிலில் கொதிக்கும் தகரக் கூரைச் சாமான் அறை, சார்ஜ் போடும் இடமே இல்லை.

4. தொடுமுனைகள்

கருவியும் சார்ஜரும் தொட்டுக்கொள்ளும் இடத்தில் சின்ன உலோகத் துண்டுகள் தெரியும். தூசு, தலைமுடி, பிசுக்கு அங்கேதான் சேரும். நம் ஊர் ஈரக்காற்றில் மெல்லிய துருவும் படியும். பிளக்கைக் கழற்றிவிட்டு, காய்ந்த பஞ்சுக்குச்சியால் துடையுங்கள். போகவில்லை என்றால் கொஞ்சம் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, நன்றாகக் காய விடுங்கள். தண்ணீர் வேண்டாம். கத்தியால் சுரண்டவும் வேண்டாம். சுவர்த் தாங்கியில் ஏறவில்லை, ஆனால் வயரை நேரடியாகக் கருவியில் செருகினால் ஏறுகிறது என்றால் கோளாறு தாங்கியில்தான். பேட்டரிக்குச் செலவு மிச்சம்!

5. அடாப்டர்

அடாப்டரின் மேல் ‘அவுட்புட்’ என்ற இடத்தில் எத்தனை வோல்ட் என்று அச்சிட்டிருப்பார்கள். அறிவியல் அறையில் மல்டிமீட்டர் இருந்தால் நேர்மின்னோட்ட வோல்ட் அளவில் வைத்து, வயரின் நுனியில் அளந்து பாருங்கள். அச்சிட்ட எண்ணுக்குப் பக்கத்தில் வந்தால் அடாப்டர் வேலை செய்கிறது என்று பெரும்பாலும் நம்பலாம். பூஜ்யம் வந்தால் அடாப்டரோ வயரோ போய்விட்டது. யூஎஸ்பி-சி வகை மட்டும் விதிவிலக்கு: கருவியில் மாட்டாதபோது அது 5 வோல்ட்தான் காட்டும், அல்லது எதுவும் காட்டாது. சுவரில் செருகும் பக்கத்தை மட்டும் ஒருபோதும் அளக்க முயல வேண்டாம். இந்தச் சோதனையைப் பெரியவர்கள்தான் செய்ய வேண்டும், மாணவர்கள் வேண்டாம்.

“முனை பொருந்துது, அது போதும்” என்று வேறு சார்ஜரை மாட்டாதீர்கள். முனை ஒன்றாக இருந்தாலும் வோல்ட் வேறாக இருக்கும். வோல்ட் கூடினால் ஆபத்து, குறைந்தால் சார்ஜ் ஏறாது.

6. மிஞ்சியது பேட்டரி

ஐந்தும் சரி என்றால் இப்போது பேட்டரியைச் சந்தேகப்படலாம். உள்ளே இருப்பது ஒரே மின்கலம் இல்லை. பெரும்பாலும் ஆறு அல்லது ஏழு மின்கலங்கள் தொடராக இணைந்திருக்கும். ஒன்றுக்கு 3.6 வோல்ட். ஏழு சேர்ந்தால் 25.2 வோல்ட். தொடர் மின்சுற்றில் ஒரு மின்கலம் பலவீனமானாலும் முழுத் தொகுதியும் பாதிக்கப்படும். ஆறு நல்ல மின்கலங்கள் இருந்தும் கருவி நின்றுபோவது இதனால்தான்.

ஆண்டிறுதி விடுமுறைக்குப் பிறகு இந்தப் பிரச்சினை வந்தால் காரணம் ஊகிக்க எளிது. முழுசாகத் தீர்ந்த நிலையில் வாரக்கணக்கில் கிடந்த பேட்டரி இன்னும் கீழே இறங்கிவிடும். மின்கலம் ஏறக்குறைய 2.5 வோல்ட்டுக்குக் கீழே போனால் பாதுகாப்புச் சுற்று துண்டித்துவிடும். அதன் சொந்தச் சார்ஜரில், ஆள் இருக்கும் நேரத்தில், ஓரிரு மணி நேரம் மாட்டிப் பாருங்கள். சில தொகுதிகள் மெதுவாக எழுந்துவிடும்.

எழவில்லையா? அதோடு விடுங்கள். வேறு பேட்டரியிலிருந்து வயர் கொடுத்து ‘உசுப்பிவிடும்’ காணொளிகளைப் பார்த்து எதையும் செய்யாதீர்கள். மிகவும் தீர்ந்துபோன மின்கலத்துக்குள் செப்புத் தகடு கரையத் தொடங்கும். மறுபடி சார்ஜ் ஏற்றும்போது அந்தச் செம்பு வேண்டாத இடத்தில் படிந்து உள்ளேயே குறுக்குச்சுற்று உண்டாகலாம். இன்று வேலை செய்வது போலத் தெரியும். ஒரு நாள் ஆள் இல்லாத அறையில் தீப்பிடிக்கும்.

புதுப் பேட்டரி வாங்கும்போது கருவியின் மாடல் எண்ணையும் வோல்ட்டையும் ஒப்பிட்டு வாங்குங்கள். கழற்றக்கூடிய பேட்டரி என்றால் முழுக் கருவியையும் மாற்ற வேண்டியதில்லை. உத்தரவாதக் காலம் முடிந்துவிட்டதா என்று ரசீதை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

பழைய பேட்டரியை என்ன செய்வது?

குப்பைத் தொட்டியில் போடக் கூடாது. குப்பை லாரியில் நசுங்கினால் தீப்பிடிக்கும். மலேசியாவில் 2005ஆம் ஆண்டின் அட்டவணைக் கழிவு விதிமுறைகளில் லித்தியம் அடங்கிய பேட்டரிக் கழிவும் பட்டியலிடப்பட்டிருக்கிறது. உலோக முனைகளின் மேல் மின்காப்பு நாடா ஒட்டி, மின்கழிவு சேகரிப்பு மையத்தில் ஒப்படையுங்கள். உப்பியது, கசிந்தது என்றால் எடுத்துப் போவதற்கு முன் மையத்தை அழைத்துச் சொல்லிவிடுங்கள்.

வகுப்புக்கும் உதவும்

ஐந்தாம் ஆண்டு அறிவியலில் தொடர் மின்சுற்று சொல்லித்தரும்போது இந்தக் கணக்கைக் கேட்டுப் பாருங்கள்: 25.2 வோல்ட் வேண்டுமென்றால் 1.5 வோல்ட் உலர் மின்கலம் எத்தனை வேண்டும்? பதினேழு! பிள்ளைகள் வியப்பார்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி மற்றதை அப்படியே வைத்திருப்பதும் அவர்கள் படிக்கும் மாறிகள்தான்.

அடுத்த விடுமுறைக்குப் பள்ளியை அடைப்பதற்கு முன் ஒரு வேலை மட்டும் செய்யுங்கள். பேட்டரியைப் பாதி அளவு சார்ஜில், சார்ஜரிலிருந்து கழற்றி, குளிர்ச்சியான அறையில் வையுங்கள். பள்ளி திறந்ததும் வேக்கும் சத்தம் கேட்கும்.