இன்சுலினை எதிர்க்கும் சுரப்பி

நீரிழிவு என்றதும் நாம் கணையத்தையே நினைக்கிறோம். ஆனால் சிறுநீரகங்களின்மேல் தொப்பிபோல் அமர்ந்துள்ள அட்ரீனல் சுரப்பிகளுக்கும் இந்நோயில் பங்குண்டு. அவை சுரக்கும் கார்ட்டிசால் என்னும் ஸ்டீராய்டு, கல்லீரலைச் சர்க்கரை உண்டாக்கத் தூண்டி, இன்சுலினை எதிர்க்கிறது. 1936-இல் அமெரிக்காவில் லாங், லூக்கன்ஸ் என்னும் இருவர், கணையம் நீக்கப்பட்ட பூனைகளுக்கு அட்ரீனல்களையும் நீக்கினர். நீரிழிவின் கடுமை தணிந்தது. பாவம், அப்பூனைகள்!

பின்னர் கத்தியின்றியே கார்ட்டிசாலைக் குறைக்க மருந்துகள் வந்தன. நாம் வளர்க்கும் நாய்களில் சிலவற்றுக்குக் குஷிங் நோயால் கார்ட்டிசால் மிகுந்து, நீரிழிவும் சேர்ந்துகொள்வதுண்டு. இன்சுலின் போட்டும் சர்க்கரை எளிதில் அடங்காது. 2008-இல் அமெரிக்காவில் நாய்களுக்கு அனுமதிக்கப்பட்ட டிரைலோஸ்டேன், கார்ட்டிசால் உருவாகத் தேவையான ஒரு நொதியைத் தடுக்கிறது. சுரப்பி இருந்த இடத்திலேயே இருக்க, உற்பத்தி மட்டும் குறைகிறது.

ஆபத்தும் இங்கேதான். கார்ட்டிசால் குறைந்தபின் பழைய அளவிலேயே இன்சுலின் போட்டால், சர்க்கரை மிகவும் இறங்கி நாய் மயங்கி விழலாம். மருந்து மிகுந்தாலோ, உடலின் உப்பைக் காக்கும் ஆல்டோஸ்டீரோனும் குறைந்து வாந்தி, தளர்ச்சி, சில வேளை மரணமே நேரும். ஆகவே மருத்துவர், அட்ரீனலைத் தூண்டும் ஹார்மோனை ஊசியில் செலுத்தி, ஒரு மணி நேரம் கழித்து இரத்தத்தில் கார்ட்டிசால் எவ்வளவு உயர்ந்துள்ளது எனப் பார்த்தே மருந்தின் அளவைக் கூட்டுகிறார் அல்லது குறைக்கிறார்.