மறைத்து வைக்கும் நோயும் அமானிதமான உடலும்





ருகூஉவிற்காகக் குனியும்போது ஒரு கையால் அடிவயிற்றைத் தாங்கிக்கொள்ளும் ஒருவரை உங்கள் பள்ளிவாசலில் நீங்கள் கண்டிருக்கலாம். அவர் சந்தையில் மூட்டை சுமக்கும் நாட்டாமையாகவோ, கரைவலை இழுக்கும் மீனவராகவோ, ஓய்வு பெற்ற ஆசிரியராகவோ இருக்கலாம். கவட்டில் ஒரு வீக்கம். நின்றால் வெளியே தள்ளுகின்றது. படுத்தால் உள்ளே போய்விடுகின்றது. சாரத்தை இறுக்கிக் கட்டி அதனை ஆண்டுக்கணக்கில் மறைத்து வாழ்கின்றார். மனைவிக்கும் சொல்வதில்லை, வைத்தியருக்கும் காட்டுவதில்லை. கேட்டால், "அல்லாஹ் போதுமானவன், பொறுத்துக்கொள்கிறேன்" என்கிறார்.

இதுதான் குடலிறக்கம். வைத்தியர்கள் ஹேர்னியா என்பர். இது வெட்கப்பட வேண்டிய நோயன்று. ஆண்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு வாழ்நாளில் எப்போதாவது கவட்டுக் குடலிறக்கம் ஏற்படுகின்றது. வயிற்றின் சுவர் தசைகளால் ஆனது. அதில் பிறவியிலேயே பலவீனமான சில இடங்கள் உண்டு. வயது, நாட்பட்ட இருமல், புகைத்தல், மலச்சிக்கல், சிறுநீர் தடைப்பட்டு முக்குதல், பாரம் தூக்குதல் ஆகியவற்றால் அவ்விடம் மேலும் தளர்கின்றது. அவ்வழியே கொழுப்போ குடலின் ஒரு பகுதியோ வெளியே பிதுங்குகின்றது. பெரியவர்களில் இத்துவாரம் தானாக மூடுவதில்லை. தைலமோ கசாயமோ அதனை மூடாது. இடுப்பில் கட்டும் பட்டி வீக்கத்தைச் சிறிது தாங்குமேயன்றிக் குணப்படுத்தாது. குணப்படுத்தும் வழி சத்திரசிகிச்சை ஒன்றே.

சகோதரர்களே! பொறுமை வேறு, மறைத்தல் வேறு. இம்ரான் இப்னு ஹுஸைன் (ரழி) அவர்களுக்கு மூலநோய் இருந்தது. அவர்கள் அதனை மறைக்கவில்லை. எவ்வாறு தொழுவது என நபி (ஸல்) அவர்களிடமே வினவினார்கள். நின்று தொழுமாறும், இயலாவிடின் இருந்தும், அதுவும் இயலாவிடின் விலாப்புறம் சாய்ந்தும் தொழுமாறும் நபியவர்கள் வழிகாட்டினார்கள் என்பது புகாரியில் பதிவாகியுள்ளது. அன்று அந்த ஸஹாபி வெட்கத்தை விட்டுக் கேட்ட ஒரு கேள்வி, இன்று வரை நோயுற்ற ஒவ்வொரு முஃமினுக்கும் சலுகையாக விளங்குகின்றது. மருத்துவம் செய்யலாமா என நாட்டுப்புற அரபிகள் கேட்டபோதும், செய்யுமாறே நபியவர்கள் பணித்தார்கள். முதுமையைத் தவிர மருந்தில்லாத நோயை அல்லாஹ் இறக்கவில்லை என்றும் விளக்கினார்கள்.

நமது முன்னோர் இதனை உணர்ந்திருந்தனர். குர்துபாவுக்கு அருகில் வாழ்ந்து, கி.பி. 1013 அளவில் மரணித்த அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவி, 'அத்தஸ்ரீஃப்' என்னும் தமது பெருநூலின் 30ஆவது பகுதியைச் சத்திரசிகிச்சைக்கே ஒதுக்கினார். குடலிறக்கமும் அங்கு பேசப்படுகின்றது. அவ்ரத்தைப் பற்றிய தயக்கமும் நம்மைத் தடுக்க வேண்டியதில்லை. மருத்துவத் தேவைக்காக, அத்தேவையின் அளவுக்கு, வைத்தியரிடம் காட்டுவதை மார்க்க அறிஞர்கள் அனுமதித்துள்ளனர். பெண்கள் பெண் வைத்தியரை நாடலாம். அவர் கிடைக்காதவிடத்து ஆண் வைத்தியரிடம் காட்டவும் அனுமதியுண்டு.

அப்படியாயின் எல்லோரும் உடனே சத்திரசிகிச்சை செய்துகொள்ள வேண்டுமா? இல்லை. வலியற்ற அல்லது மிகச் சிறிய தொந்தரவுள்ள கவட்டுக் குடலிறக்கம் கொண்ட 720 ஆண்களை அமெரிக்க வைத்தியர்கள் ஆராய்ந்து, 2006இல் முடிவை வெளியிட்டனர். காத்திருந்தோரில் ஆண்டொன்றுக்கு ஆயிரத்தில் இருவருக்கும் குறைவானவர்களுக்கே திடீர் ஆபத்து நேர்ந்தது. எனினும் 2 ஆண்டுகளுக்குள் நால்வரில் ஒருவரளவில், பெரும்பாலும் வலி கூடியதால், சத்திரசிகிச்சைக்கு மாறினர். 10 ஆண்டுகளில் மூவரில் இருவர் அளவில் மாறியிருந்தனர். ஆகவே வலியில்லாத ஆண் ஒருவர் வைத்தியரின் ஆலோசனையோடு காத்திருப்பது தவறன்று. ஆனால் பரிசோதிக்காமலே நாட்கடத்துவது காத்திருப்பாகாது.

சிலர் காத்திருக்கலாகாது. பெண்களின் கவட்டில் தோன்றும் வீக்கம், அடிக்கடி குடல் நெரிபடக்கூடிய தொடைக் குடலிறக்கமாக இருக்கலாம். அவர்கள் தாமதியாது சத்திரசிகிச்சை நிபுணரைக் காண வேண்டும். கைக்குழந்தையின் கவட்டில் வீக்கம் தென்பட்டாலும் அவ்வாறே. சிறு குழந்தைகளின் தொப்புள் பிதுக்கமோ பெரும்பாலும் 4, 5 வயதுக்குள் தானாக மூடிவிடும். வலி கூடி வருபவரும், வீக்கம் பெருத்துவிட்டவரும், உழைப்பும் தொழுகையும் தடைப்படுபவரும் சிகிச்சையைத் தள்ளிப்போடுவது நன்றன்று.

பின்வரும் அறிகுறிகளை வீட்டிலுள்ள அனைவரும் அறிந்திருங்கள்: வழமையாக உள்ளே போகும் வீக்கம் போக மறுத்தல், அது கல்லாகி வலித்தல், நிறம் மாறுதல், வாந்தி, வயிறு உப்புதல், மலமும் காற்றும் வெளியேறாமை. இவை, வெளியே வந்த குடல் நெரிபட்டு இரத்தவோட்டம் தடைப்படுவதன் அடையாளங்களாகும். சில மணித்தியாலங்களிலேயே குடல் அழுகத் தொடங்கலாம். வீக்கத்தை அழுத்தித் தள்ள முயலாதீர்கள். உண்ணவோ பருகவோ கொடுக்காதீர்கள். விடியட்டும் என்றிராமல் உடனே வைத்தியசாலைக்கு விரையுங்கள். 1990 என்னும் இலக்கத்தை அழைத்தால் இலவச அம்பியூலன்ஸ் வரும். தம் கைகளாலேயே தம்மை அழிவில் இட்டுக்கொள்வதை அல்லாஹ் தடுத்துள்ளான் என்பதை அந்நேரம் நினைவிற்கொள்ளுங்கள்.

சத்திரசிகிச்சை பற்றிய அச்சம் பலருக்கு உண்டு. நமது அரசாங்க வைத்தியசாலைகளில் இது இலவசமாகச் செய்யப்படுகின்றது. முழு மயக்கம் கொடுத்தோ, இடுப்புக்குக் கீழ் மட்டும் மரக்கச் செய்தோ, அவ்விடத்தை மாத்திரம் மரக்கச் செய்தோ செய்யலாம். பிதுங்கிய பகுதியை உள்ளே தள்ளி, பலவீனமான இடத்தில் பெரும்பாலும் ஒரு மெல்லிய வலையை வைத்துத் தைப்பர். அந்த வலை ஹலாலானதா எனச் சிலர் ஐயுறுகின்றனர். வழக்கமாகப் பயன்படும் வலை பொலிப்புரொப்பிலீன் என்னும் செயற்கை நூலாலானது. விலங்குத் தோலிலான வலைகள் விசேட நிலைமைகளுக்குரியன. ஐயமிருப்பின் வைத்தியரிடமே முன்கூட்டிக் கேளுங்கள்.

இதில் ஆபத்தே இல்லை என்று சொல்வதும் நேர்மையாகாது. வீக்கம், கிருமித்தொற்று ஏற்படலாம். சிலருக்குக் குடலிறக்கம் திரும்பவும் வருகின்றது. பத்தில் ஒருவரளவில் மாதக்கணக்கில் வலி நீடிக்கலாம். எனவே உங்கள் வயது, தொழில், சீனி வியாதி, இருதய நோய், உட்கொள்ளும் மருந்துகள் அனைத்தையும் சொல்லி, கலந்தாலோசித்து, இஸ்திகாராவும் செய்து முடிவெடுங்கள். நெரிபட்ட பின் அவசரமாகச் செய்வதைவிட, நாள் குறித்து ஆயத்தத்துடன் செய்வது பாதுகாப்பானது. புகைப்பவர் அதனை விட்டுவிடுவது காயம் ஆறவும் துணைபுரியும்.

பெரும்பாலோர் ஓரிரு வாரங்களில் இலேசான வேலைக்குத் திரும்புகின்றனர். பாரம் தூக்கச் சில வாரங்கள் செல்லும். அதுவரை மூட்டை சுமப்பவரின் வீட்டில் அடுப்பெரிய வேண்டுமே! அந்தச் சில வாரங்களுக்கு அயலவரும் ஜமாஅத்தினரும் கைகொடுத்தால், பல ஆண்டுகளாகத் தள்ளிப்போட்ட சிகிச்சையை அவர் செய்துகொள்வார். ஸுஜூது செய்ய இயலாத நாட்களில், இம்ரான் (ரழி) அவர்களுக்குக் கிடைத்த சலுகை அவருக்கும் உண்டு.

வாசிக்கும் உங்களுக்கோ, உங்கள் தந்தைக்கோ, தாய்க்கோ இவ்வீக்கம் இருக்குமாயின், இவ்வாரமே ஒரு வைத்தியரிடம் காட்டுங்கள். துஆவும் செய்யுங்கள், சிகிச்சையும் செய்யுங்கள். உடல் நமது சொத்தன்று. அது நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம்.

நோயுற்ற அனைவருக்கும் வல்ல நாயன் அல்லாஹ் பூரண சுகத்தை அருள்வானாக! ஆமீன்.