நூற்றெட்டில் முதலில் எது?

கோவளம் கடற்கரையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே சில கிலோமீட்டர் சென்றால் திருவிடந்தை. அங்கே நித்திய கல்யாணப் பெருமாள் கோமளவல்லித் தாயாருடன் எழுந்தருளியிருக்கிறார். மூலவர் ஆதிவராகர், தேவியைத் தம் இடப்புறத்தில் தாங்கியபடி நின்ற திருக்கோலம். காலவ முனிவரின் முந்நூற்று அறுபது புதல்வியரையும் நாளுக்கு ஒருவராகத் திருமணம் செய்து, நிறைவில் அனைவரையும் ஒருவராக்கித் தம் இடப்புறம் ஏற்றருளினார் என்பது தல வரலாறு. அதனாலேயே இத்தலம் திருவிடவெந்தை. மக்கள் வழக்கில் திருவிடந்தை. திருமங்கையாழ்வார் மங்களாசாசனம் செய்த திவ்ய தேசம் இது.

திருமணத் தடை நீங்க வேண்டுவோர் மாலை சாற்றி, அதைக் கழுத்தில் அணிந்து ஒன்பது முறை வலம் வருவதை இன்றும் காணலாம். இத்தகைய பெருமைமிக்க தலம் வீட்டுக்கு அருகிலேயே இருந்தும், என் தந்தையார் அதைச் சேவிக்காமலேயே பரமபதம் அடைந்தார். இக்கட்டுரையை எழுதத் தூண்டியது அதுதான்.

கணக்கு நோட்டில் ஒரு பட்டியல்

தந்தையார் தமது அறுபதாவது வயதில், சஷ்டியப்தபூர்த்தி முடிந்த மறுநாள், நீளமான கணக்கு நோட்டு ஒன்றில் நூற்றெட்டுத் திவ்ய தேசங்களின் பெயர்களையும் வரிசையாக எழுதினார். சோழ நாடு 40, பாண்டிய நாடு 18, மலைநாடு 13, நடுநாடு 2, தொண்டை நாடு 22, வடநாடு 11, விண்ணுலகம் 2 எனப் பிரித்து, ஒவ்வொன்றின் எதிரிலும் சிறு கட்டம் வரைந்திருந்தார். சேவித்து வந்த அன்று இரவே அந்தக் கட்டத்தில் நாளும் திதியும் குறிப்பார்.

பணி ஓய்வுக்குப் பின் குடும்பம் கோவளத்துக்குக் குடியேறியது. திருவிடந்தை அருகில் வந்துவிட்டதே என்று அனைவரும் மகிழ்ந்தோம். அவரோ, "இது நம் வீட்டுப் பெருமாள். எல்லாவற்றையும் முடித்துவிட்டு, நிறைவாக இங்கே வந்து நன்றி சொல்லுவேன்" என்றார். ஆண்டுகள் ஓடின. தொண்ணூற்றொரு கட்டங்கள் நிரம்பின. எழுபத்தொன்பதாவது வயதில் அவர் திருநாடு எய்தியபோது, தொண்டை நாட்டுப் பக்கத்தில் ஒரே ஒரு கட்டம் வெறுமையாக இருந்தது. அது திருவிடந்தை.

தொலைவில் உள்ளதற்கு நாள் குறித்து, பயணச்சீட்டு எடுத்து, மருந்து மாத்திரை கட்டிக்கொண்டு புறப்படுகிறோம். அருகில் உள்ளதற்கு நாள் குறிப்பதில்லை. நாள் குறிக்காத செயல் நழுவிப் போகிறது. கோயிலுக்கு மட்டுமன்று, மனிதர்களுக்கும் இது பொருந்தும். வெளிநாட்டில் உள்ள பேரனைக் காணத் துடிக்கும் நாம், அடுத்த தெருவில் பேச்சுவார்த்தை இன்றி இருக்கும் உடன்பிறந்தவரைப் பார்க்க நாள் குறிக்கிறோமா?

சங்கல்பம் என்பது என்ன?

வாழ்நாளில் செய்ய விரும்புவனவற்றை எழுதிவைத்து ஒவ்வொன்றாக நிறைவேற்றும் வழக்கம் பல நாடுகளிலும் உண்டு. 1940-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஜான் காடர்டு என்னும் 15 வயதுச் சிறுவர் 127 விருப்பங்களை எழுதிவைத்தார். நைல் நதியைப் படகில் கடப்பது அவற்றுள் ஒன்று. பிற்காலத்தில் அதை நிறைவேற்றினார். பட்டியலில் நூறுக்கும் மேற்பட்டவற்றை முடித்தார் என்பர்.

நமக்கு இது புதிய செய்தியன்று. எந்தப் பூஜைக்கு முன்பும் நாம் சங்கல்பம் செய்துகொள்கிறோம். எந்த ஆண்டு, எந்த அயனம், எந்த மாதம், எந்தத் திதி, எந்த நட்சத்திரம், எந்த இடம், யார், எதற்காக என்று அனைத்தையும் வாய்விட்டுச் சொன்ன பிறகே கிரியை தொடங்குகிறது. "என்றாவது செய்வேன்" என்று ஒரு சங்கல்பமும் இல்லை. காலமும் இடமும் சொல்லப்படாத விருப்பம் வெறும் ஆசையாகவே நின்றுவிடும்.

முதியோருக்கு ஏற்ற வரிசை

நூற்றெட்டு என்றதும் முதியோர் மலைத்துப் போகிறார்கள். கணக்கிட்டுப் பார்த்தால் அச்சம் குறையும். காஞ்சி மாநகரில் மட்டும் 14 திவ்ய தேசங்கள் உள்ளன. உலகளந்த பெருமாள் கோயிலின் மதிலுக்குள்ளேயே திருஊரகம், திருநீரகம், திருக்காரகம், திருக்கார்வானம் என நான்கு. ஏகாம்பரநாதர் கோயிலுக்குள் நிலாத்திங்கள் துண்டமும், காமாட்சியம்மன் கோயிலுக்குள் திருக்கள்வனூரும் அமைந்துள்ளன. சீர்காழிக்கு அருகில் திருநாங்கூர்ப் பகுதியில் 11. தாமிரபரணிக் கரையில் நவதிருப்பதிகள் 9. ஆக, மூன்றே பயணங்களில் 34 தலங்கள். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு.

சென்னையிலும் சுற்றுப்புறங்களிலும் வசிப்போர் திருவல்லிக்கேணியில் தொடங்கி, கடலோரமாகவே வந்து திருவிடந்தையையும், அங்கிருந்து மாமல்லபுரத்தில் உள்ள திருக்கடல்மல்லையையும் சேவிக்கலாம். ஒரே நாளில் மூன்று. நடை சாத்தும் நேரத்தை முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நலம். நண்பகலில் வெயிலில் காத்திருப்பது முதிய உடலுக்கு ஆகாது.

அடுத்து, கடினமானவற்றை உடலில் வலு உள்ளபோதே முடிக்க வேண்டும். நேபாளத்து முக்திநாத் 3,700 மீட்டருக்கும் மேலான உயரத்தில் உள்ளது. பத்ரிநாத் குளிர்காலத்தில் நடை சாத்தப்படும் தலம். இவற்றுக்கு மருத்துவரின் யோசனை இன்றிப் புறப்படலாகாது. சோளிங்கர் என்னும் திருக்கடிகையில் யோக நரசிம்மரைச் சேவிக்க ஆயிரத்து முந்நூறுக்கும் மேற்பட்ட படிகள். 2024 முதல் அங்கே ரோப் கார் வசதி வந்துள்ளது. முழங்கால் வலியால் மலையடிவாரத்திலிருந்தே கும்பிட்டுத் திரும்பிய முதியோர் பலர் இப்போது மேலே சென்று சேவிக்கிறார்கள்.

முழுமையாக யாத்திரை செய்ய இயலாதோர் மனம் வருந்த வேண்டியதில்லை. ஒவ்வொரு தலத்துக்கும் ஆழ்வார்கள் அருளிய பாசுரங்கள் நாலாயிர திவ்யப் பிரபந்தத்தில் உள்ளன. நாளுக்கு ஒரு தலமாக, அத்தலத்துப் பாசுரத்தை வீட்டில் அமர்ந்து சேவித்தால், நான்கு மாதத்திற்குள் நூற்றெட்டையும் மனத்தால் வலம் வந்துவிடலாம்.

முடியாத இரண்டு

இப்பட்டியலுக்கு வேறொரு சிறப்பு உண்டு. நூற்றெட்டில் 106 மட்டுமே இந்நிலவுலகில் உள்ளவை. திருப்பாற்கடலும் பரமபதமும் நம் கால்களால் சென்று அடையக்கூடியவை அல்ல. எவ்வளவு பொருளும் வலுவும் படைத்தவராயினும், "அனைத்தையும் முடித்துவிட்டேன்" என்று உடலோடு இருக்கும்போது சொல்ல இயலாது. எவ்வளவு முயன்றாலும் கடைசி அடி அவனுடைய திருவருளால்தான் என்பதை இப்பட்டியலே நமக்குச் சொல்லிவிடுகிறது.

அந்தத் திருவருள் எப்படி வரும் என்பதைத் திருக்கடல்மல்லை காட்டுகிறது. புண்டரீக மகரிஷி தாமரை மலர்களை ஏந்தி, பாற்கடல் நாதனின் திருவடியில் சமர்ப்பிக்க வேண்டும் என்று புறப்பட்டார். வழியில் இந்தக் கடல் குறுக்கிட்டது. அவர் திரும்பிப் போகவில்லை. கடல் நீரை இரு கைகளாலும் இறைக்கத் தொடங்கினார். ஒரு நாள் முதியவர் ஒருவர் வந்து பசிக்கிறது என்றார். "நீர் உணவு கொண்டு வாரும், அதுவரை நான் இறைக்கிறேன்" என்றும் சொன்னார். முனிவர் உணவுடன் திரும்பி வந்தபோது, அம்மலர்களை ஏற்றுக்கொண்டு எம்பெருமான் தரையிலேயே சயனித்திருந்தார். ஆதிசேஷனும் இல்லாத அந்தத் தல சயனத்தை இன்றும் சேவிக்கிறோம். பூதத்தாழ்வார் அவதரித்த திருத்தலமும் இதுவே.

முனிவர் பாற்கடலை அடையவில்லை. பாற்கடல் நாதன் அவரிடம் வந்து சேர்ந்தான். கையால் கடலை இறைத்து முடிக்க இயலாது என்பதை அவர் அறியாதவரா? ஆயினும் தம்மால் இயன்றதை நிறுத்தாமல் செய்தார். எஞ்சியதை முதியவராக வந்தவன் பார்த்துக்கொண்டான்.

நிரம்பிய கட்டம்

தந்தையாரின் வருஷாப்திகம் முடிந்த பின் ஒரு காலை நேரத்தில் தாயாரை அழைத்துக்கொண்டு திருவிடந்தை சென்றேன். வண்டியில் சில நிமிடப் பயணம். தாயார் பெருமாள் முன் நெடுநேரம் நின்றார். வீடு திரும்பியதும் அந்தக் கணக்கு நோட்டைக் கேட்டு வாங்கி, வெறுமையாக இருந்த கட்டத்தில் தம் கையாலேயே அன்றைய நாளையும் திதியையும் எழுதினார்.

"அவர் போகவில்லையே அம்மா" என்றேன்.

"அவர் நினைத்ததைத்தான் நான் சேவித்துவிட்டு வந்தேன். நூற்றேழும் நூற்றெட்டும் அவர் பார்த்தாயிற்று. கீழே மிச்சம் இருப்பதை நாம்தானே பார்க்க வேண்டும்?" என்றார் தாயார்.

வாசக அன்பர்கள் இன்றே ஒரு நோட்டை எடுத்து எழுதத் தொடங்கலாம். திவ்ய தேசங்களோ, பாடல் பெற்ற சிவத்தலங்களோ, முருகனின் ஆறுபடை வீடுகளோ, அவரவர் மரபுக்கு உகந்ததை எழுதுக. அதனுடன் பேச வேண்டியவர்கள், கொடுக்க வேண்டியவை, மன்னிக்க வேண்டியவை ஆகியவற்றையும் ஒரு பக்கத்தில் குறித்துக்கொள்க. எழுதியபின் பட்டியலில் மிக அருகில் இருப்பது எது என்று பார்த்து, அதற்கு இந்த வாரத்திலேயே ஒரு நாள் குறியுங்கள். அங்கிருந்தே தொடங்குங்கள். தொலைவில் உள்ளதற்கு வழிகாட்ட அவன் இருக்கிறான்.