புள்ளி வைக்கத் தெரிந்த விசைப்பலகை

தமிழ்த் தட்டச்சுப் பயிலகத்தில் சேர்ந்த யாரைக் கேட்டாலும் முதல் பாடத்தைச் சொல்லிவிடுவார்கள். இடக்கைக்கு 'யளனகபக'. அதைப் பக்கம் பக்கமாக அடித்து விரல் பழகிய பிறகுதான் ஒரு சொல்லாவது அடிக்க விடுவார்கள்.

அந்தத் தட்டச்சுக்கு வழிகாட்டியவர் சிங்கப்பூரில் வாழ்ந்த யாழ்ப்பாணத்துக்காரர் ஆர்.முத்தையா. தமிழில் 247 எழுத்துகள். இயந்திரத்திலோ ஐம்பதுக்கும் குறைவான விசைகள். கால், கொம்பு, புள்ளி என்று எழுத்தைப் பிரித்துத்தான் அதற்குள் அடக்க முடிந்தது. புள்ளி விசையைத் தட்டினால் தாள் நகராது. அதனால் முதலில் புள்ளி, அப்புறம் அதன் கீழே எழுத்து. கையால் எழுதும் வழக்கத்துக்கு நேர் தலைகீழ்.

கணினியில் நகர்த்த உருளையே இல்லை. ஆனாலும் பழைய வரிசை கூடவே வந்தது. 1990களில் மென்பொருளுக்கு ஒரு விசைப்பலகை என்ற நிலை. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்இணையம் மாநாட்டுக்குப் பிறகு, தமிழக அரசு 'தமிழ்99' விசைப்பலகையைத் தரப்படுத்தியது.

நான் பார்த்த வரையில், இயந்திரத்தின் வசதியை விட்டுவிட்டு மொழியின் இயல்பிலிருந்து பிறந்த விசைப்பலகை இது. உயிர் 12, மெய் வரிசைக்கு 18, புள்ளி ஒன்று. 31 விசைகளில் தமிழ் முடிந்துவிடும். உயிர் இடக்கைக்கு, மெய் பெரும்பாலும் வலக்கைக்கு. 'பந்து' அடிக்க ப, ந, த, உ என்று நான்கே தட்டு. நகரத்தை அடுத்துத் தகரம் வந்தால் இடையில் புள்ளி வரும் என்பது அதற்குத் தெரியும். ஒரே எழுத்தை இரண்டு முறை தட்டினாலும் முதல் எழுத்துக்குப் புள்ளி விழும்; 'அம்மா'வுக்கு அ, ம, ம, ஆ போதும். 'மமதை' போன்ற சொல்லுக்கு மட்டும் இரண்டு மகரத்துக்கும் நடுவில் ஓர் அகரம் தட்ட வேண்டும். எந்த மெய்யோடு எந்த மெய் சேரும் என்று தொல்காப்பியம் பேசுகிற மெய்ம்மயக்கம், இங்கே விரல் நுனிக்கு வந்திருக்கிறது.

இவ்வளவும் இருந்தும் நம்மில் பலர் ஆங்கில எழுத்தைத் தட்டித்தான் தமிழை வரவழைக்கிறோம். அவசரத்துக்கு அது உதவும், மறுக்கவில்லை. ஆனால் ண, ந, ன மூன்றுக்கும் ஆங்கிலத்தில் இருப்பது ஓர் எழுத்து. தமிழ்ச் சொல்லை ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டிப் பழகும் பிள்ளைக்கு அந்த வேறுபாடு எப்படி மனதில் நிற்கும்? எனக்கு இது பெரிய வருத்தம்.

போன மாதம் அக்கா மகளுக்குத் தமிழ்99 காட்டினேன். ப, ஆ, ட, ட, இ என்று தட்டியதும் திரையில் 'பாட்டி' வந்தது. அழித்துவிட்டு அவளே மறுபடி தட்டிப் பார்த்தாள்.

"புள்ளிய யாரு மாமா வச்சது?" என்றாள்.