பார்வையற்ற இளையோருக்கான கோடைகால இசைப் பயிற்சி

பார்வையற்ற இளையோருக்கான கோடைகால இசைப் பயிற்சி என்பது பார்வையற்ற அல்லது குறைந்த பார்வையுடைய மாணவர்களுக்குப் பள்ளி விடுமுறைக் காலத்தில், பெரும்பாலும் தங்கிப் பயிலும் முகாம்களில், இசை கற்பிக்கும் முறையாகும். இக்கட்டுரை ஐக்கிய அமெரிக்காவில் நடைபெறும் பயிற்சிகளைப் பற்றியது. இவற்றில் சேரும் இளையோருள் பலர் ஏதேனும் ஒரு கருவியை முன்னரே நன்கு வாசிப்பவர்கள். அவர்களுக்கு இசையைப் படிக்கவும் எழுதவும் கற்பிப்பதே இப்பயிற்சிகளின் கடினமான பணியாகும்.

தேவை

பார்வையற்ற குழந்தைக்கு இசை இயல்பாகவே வரும் என்னும் நம்பிக்கை பல சமூகங்களில் காணப்படுகிறது. பாராட்டுப்போல் தோன்றும் இந்நம்பிக்கை தீங்கும் விளைவிக்கிறது. செவித்திறன் மிக்க மாணவர் ஒலிப்பதிவைக் கேட்டே ஒரு பாடலை வாசித்துவிடுவதால், அவருக்கு இசைக்குறியீடு தேவையில்லை என்று ஆசிரியர்கள் விட்டுவிடுவது உண்டு. இசைக் கல்லூரியில் சேர விரும்பும்போதுதான் குறை வெளிப்படுகிறது. மேற்கத்தியச் செவ்வியல் இசை எழுத்தைச் சார்ந்தது. கோட்பாட்டுப் பாடங்களும் குழு இசைப் பயிற்சிகளும் குறியீட்டைப் படிக்கத் தெரியும் என்ற அடிப்படையிலேயே நடத்தப்படுகின்றன. மேலும், ஒலிப்பதிவிலிருந்து மட்டும் கற்பவர் மற்றொரு கலைஞரின் வாசிப்பையே கற்கிறார். ஓர் இடத்தில் வேகம் குறைவது இசையமைப்பாளர் எழுதியதா, வாசித்தவர் சேர்த்ததா என்பதை அவரால் அறிய இயலாது. குருவிடம் நேரில் கேட்டுப் பயிலும் கருநாடக இசையில் இச்சிக்கல் இவ்வளவு கடுமையாக எழுவதில்லை.

இதனைப் பள்ளியிலேயே ஏன் கற்பிப்பதில்லை என்ற கேள்வி எழலாம். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பார்வையற்ற மாணவர்களுள் பெரும்பாலோர் தனி உறைவிடப் பள்ளிகளை விட்டுப் பொதுப்பள்ளிகளில் பயிலத் தொடங்கினர். இது பல வகையிலும் நன்மையே. எனினும் பொதுப்பள்ளி இசையாசிரியருக்குப் பிரெயில் தெரிவது அரிது. பிரெயில் கற்பிக்கும் ஆசிரியருக்கு இசை தெரிவதும் அரிது. இரண்டும் அறிந்த ஒருவரை ஒவ்வோர் ஊரிலும் அமர்த்துவது இயலாதது. பல ஊர்களின் மாணவர்களைக் கோடையில் ஓரிடத்தில் கூட்டுவது இயலும்.

பிரெயில் இசைக்குறியீடு

பிரெயில் எழுத்துமுறையை உருவாக்கிய பிரான்சு நாட்டவரான லூயி பிரெயில் (1809–1852) ஒரு தேவாலய ஆர்கன் இசைஞரும் ஆவார். 1829இல் அவர் வெளியிட்ட நூலிலேயே எழுத்துகளுடன் இசையை எழுதும் முறையும் இடம்பெற்றிருந்தது. 1888இல் செருமனியின் கோல்ன் நகரில் பல நாட்டினர் கூடிப் பொதுவான பிரெயில் இசைக்குறியீட்டுக்கு உடன்பட்டனர்.

அச்சு இசைக்குறியீட்டில் ஐந்து கோடுகளின் மீது சுரத்தின் இடம் அதன் உயரத்தைக் காட்டும். பிரெயிலில் கோடுகள் இல்லை. ஆறு புள்ளிகள் கொண்ட கட்டத்தில் மேலுள்ள நான்கு புள்ளிகள் சுரத்தின் பெயரையும், கீழுள்ள இரண்டு புள்ளிகள் அதன் கால அளவையும் குறிக்கின்றன. எடுத்துக்காட்டாக, 'சி' எனும் சுரத்தின் எட்டில் ஒரு பங்கு அளவுக்குரிய குறி, ஆங்கிலப் பிரெயிலில் 'டி' எழுத்தின் குறியேயாகும். எனவே பிரெயில் நன்கு படிக்கத் தெரிந்த மாணவரே முதல் நாளில் அதிகம் தடுமாறுகிறார். ஒரே குறி முழு அளவையும் பதினாறில் ஒரு பங்கு அளவையும் குறிக்கலாம். தாளக் கட்டுக்குள் எது பொருந்தும் என்று கணக்கிட்டே பொருள் கொள்ள வேண்டும். ஸ்தாயியைக் காட்டத் தனிக் குறிகள் உள்ளன. அடுத்த சுரம் அருகில் இருப்பின் அக்குறி தேவையில்லை. ஆறு சுர இடைவெளியோ அதற்கு மேலோ தாவினால் கட்டாயம் இடவேண்டும்.

என்சான்டட் ஹில்ஸ் முகாம்

இத்தகைய பயிற்சி நடைபெற்றுள்ள இடங்களுள் கலிபோர்னியாவின் நாபா பகுதி மலையில் அமைந்துள்ள என்சான்டட் ஹில்ஸ் முகாம் குறிப்பிடத்தக்கது. இதனை 1950இல் நிறுவிய ரோஸ் ரெஸ்னிக் பார்வையற்ற பியானோ இசைஞரும் ஆசிரியரும் ஆவார். மலையேற்றம், நீச்சல், குதிரையேற்றம் ஆகியவற்றில் பார்வையற்ற சிறுவர்கள் பிறரைப்போலவே ஈடுபடுவதற்கான இடமாக இது தொடங்கியது. சான் பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த லைட்ஹவுஸ் என்னும் பார்வையற்றோர் அமைப்பு இதனை நடத்துகிறது. இளம் இசைஞர்களுக்கெனத் தனி இசைப் பயிலகமும் இங்கு நடத்தப்பட்டுள்ளது. 2017 அக்டோபரில் நாபா பகுதியில் பரவிய காட்டுத்தீயில் முகாமின் கட்டடங்கள் பல அழிந்தன. எஞ்சிய பகுதியில் முகாம் மீண்டும் நடத்தப்பட்டது.

கற்பிக்கும் முறை

பிரெயிலைக் கையால் படிக்க வேண்டும். பியானோவையும் கையால்தான் வாசிக்க வேண்டும். ஆகவே மாணவர் இடக்கைப் பகுதியை வலக்கையால் படித்துக்கொண்டே இடக்கையால் வாசிப்பார். பின்னர் கைகளை மாற்றுவார். இரண்டும் மனப்பாடமான பிறகே இரு கைகளையும் சேர்த்து வாசிக்க முடியும். வயலின் போன்ற கருவிகளுக்கு இரு கைகளும் தேவைப்படுவதால், ஒரு பகுதியைப் படித்து மனத்தில் இருத்திய பின்னரே வில்லை எடுக்க இயலும். பாடகருக்கு மட்டும் இத்தொல்லை இல்லை. அவர் விரலால் படித்துக்கொண்டே பாடலாம். இதனால் தொடக்கப் பாடங்களைச் சேர்ந்திசைப் பாடல்களில் அமைப்பது பயனுள்ளதாக இருக்கிறது.

குழுவாக வாசிக்கும்போது நடத்துநரின் கையசைவு பயன்படாது. குழுவில் ஒருவர் கேட்கும்படி மூச்செடுப்பதே தொடக்கக் குறியாகிறது. வில் பிடிக்கும் முறை, விரல் வளைவு முதலியவற்றைச் சொல்லால் மட்டும் விளக்குவது போதாது. மாணவரின் ஒப்புதலைப் பெற்ற பின் ஆசிரியர் தம் கையை அவர் தொட்டறியச் செய்கிறார். ஆசிரியர்களுள் பார்வையற்ற இசைஞர்கள் இருப்பது இங்குப் பெரிதும் உதவுகிறது. எந்த வழி நடைமுறைக்கு ஒத்துவரும் என்பதை அவர்கள் பட்டறிந்தவர்கள்.

கணினியும் நூல்களும்

பார்வையுள்ள ஆசிரியரிடம் வீட்டுப்பாடம் அளிக்க, பார்வையற்ற மாணவர் அச்சுக் குறியீட்டையும் உருவாக்க வேண்டும். திரைபடிப்பானுடன் இயங்கும் இசையெழுது மென்பொருள்கள் இதற்குப் பயன்படுகின்றன. அச்சு இசையைப் பிரெயிலாக மாற்றும் மென்பொருள்களும் உள்ளன. பார்வையற்ற இசைஞர் பில் மெக்கேன் 1992இல் தொடங்கிய டான்சிங் டாட்ஸ் நிறுவனம் இத்துறையில் முன்னோடியாகும்.

1962இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி அமெரிக்கக் காங்கிரசு நூலகம் பிரெயில் இசை நூல்களை அஞ்சல் வழி இலவசமாக இரவல் வழங்குகிறது. இத்தொகுப்பு மிகப் பெரியது என்றாலும், புதிய படைப்புகள் பல இன்னும் பிரெயிலில் இல்லை. மென்பொருள் மாற்றித் தரும் பக்கத்தையும் பிரெயில் இசை அறிந்தவர் பிழை பார்க்க வேண்டியிருப்பதால், ஒரு நீண்ட படைப்பு கைக்கு வந்து சேர வாரங்களோ மாதங்களோ ஆகலாம். எனவே செப்டம்பரில் கல்லூரி செல்லவிருக்கும் மாணவர், தமக்கு வேண்டிய நூல்களின் பட்டியலைப் பேராசிரியரிடமிருந்து கோடைக்காலத்திலேயே கேட்டுப் பெற வேண்டியிருக்கிறது.